மதியம் இரண்டு முதல் இரண்டரை வரை

இளமதி அக்காவுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் எங்கள் பொம்மைப் பிரிவில் தொங்கும் முந்நூறு சின்னக் கார்களில் எதைத் தொட்டுக் கேட்டாலும், அது எந்த மாதம் வந்தது, அதோடு வந்த மற்றவை எங்கே போயின என்று சொல்லிவிடுவார். கார்களுக்கு அவரே பெயரும் வைத்திருந்தார். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது தேள். மூக்குத் தட்டையாக இருப்பது வாத்து. அட்டையில் உள்ள ஆங்கிலப் பெயரை நான் படித்துச் சொன்னால், "அது கம்பெனிக்காரன் வச்ச பேருடி. இந்த மாடியில நான் வச்ச பேருதான் செல்லும்" என்பார்.

புதுக்கோட்டையில் துணி, பாத்திரம், மளிகை எல்லாம் விற்கும் மூன்று மாடிக் கடை அது. அக்கா திருவரங்குளத்திலிருந்து காலை எட்டேகால் பஸ்ஸில் வருவார். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். மகள் பிளஸ் ஒன். பாத்திரப் பிரிவில் ஆறு வருடம் நின்ற பிறகு அக்காவைப் பொம்மைக்கு மாற்றியிருந்தார்கள். கால் நரம்பு முடிச்சுப் போட்டிருந்தது. உட்கார்வதற்கென்று கடை கொடுத்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மேல் தட்டிலிருந்து பெரிய பொம்மைகளை எடுக்க அதன்மீது ஏறுவார், அவ்வளவுதான்.

இந்தக் கார்களைக் குழந்தைகள் வாங்குவதைவிடப் பெரியவர்கள் வாங்குவதே அதிகம். அரிய கார் என்றால் அட்டையின் மூலையில் ஒரு சிறு அடையாளம் இருக்கும். பெட்டிக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். அதைச் சேர்த்துவைப்பவர்கள் எத்தனை மடங்கு விலையும் கொடுப்பார்கள். பெட்டி பிரிக்கும் நாளில் ஷட்டர் தூக்குவதற்கு முன்பே வாசலில் நிற்பார்கள். ஒரு பேங்க் ஆபீசர் வழக்கமாக வருவார்.

"சார், பையனுக்கா?"

"எனக்குத்தாம்மா."

"வீட்ல தெரியுமா?"

"ஆபீஸ் டிராயர்லதான் வச்சிருக்கேன். நீங்க வெளிய சொல்லிராதீங்க."

"நான் சொல்ல மாட்டேன் சார். ஒரு ஆளுக்கு ஒண்ணுதான். அந்தக் கையில இருக்கிறதையும் வச்சிருங்க."

அக்கா யாருக்கும் எதையும் ஒளித்துவைத்துக் கொடுக்க மாட்டார். பழைய சரக்கு முன்னால் வர வேண்டும் என்பதற்காக, ஒவ்வோர் அட்டையின் பின்புறமும் கீழ் மூலையில் பச்சை மை பேனாவால் கடுகளவில் தேதி எழுதுவார். அவருடைய ஏழுக்கு நடுவில் ஒரு சிறு கோடு இருக்கும். அந்தப் பழக்கம் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

நான் கார்த்திகா, குளத்தூர்க்காரி. கல்லூரி முடித்த கையோடு அந்தக் கடையில் சேர்ந்தேன். அதிகம் பேசமாட்டேன் என்பதால் வாடிக்கையாளரிடம் தள்ளிவிடாமல், ஆங்கிலப் பட்டியல்களைச் சரிபார்க்க அக்கா என்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். மீன்குழம்பு கொண்டுவரும் நாளில் அவர் டப்பாவில் என் பங்குக்கு இரண்டு துண்டு கூடுதலாக இருக்கும்.

பங்குனி மாதத்தில் முதல் தடவை கார்கள் காணாமல் போயின. ஒரே வரிசையில் பதினொன்று. அடுத்த முறை பதினாறு. மூன்றாவது முறை கார்களோடு, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் வாங்கும் மூடிய பெட்டிப் பொம்மைகளும் ஒரு தட்டு முழுக்கப் போய்விட்டன. கேமரா பில் போடும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கார் தொங்கும் சுவரைத் தூண் மறைத்தது. எங்கள் மாடி மேனேஜர் தமிழ்செல்வன் சார், ஆள் மாறும்போது நாங்கள் எழுதும் எண்ணிக்கைகளை வைத்து ஒன்றை மட்டும் கண்டுபிடித்தார். மூன்று முறையும் மதியம் இரண்டு மணிக்கும் இரண்டரைக்கும் இடையில்தான் திருட்டு நடந்திருந்தது.

அது நான் சாப்பிடப் போகும் நேரம். அக்கா தனியாக நிற்கும் நேரம்.

"ஏம்மா இளமதி, கார்த்திகா நிக்கையில ஒண்ணும் போகல. ஒங்க நேரத்துல மட்டும் எப்படிப் போகுது?"

"ஒரு குடும்பம் வந்துச்சு சார். பச்சப்புள்ளையோட ஒரு பொண்ணு. மேல இருக்கிற பெரிய பைக்கை எடுத்துக் காட்டச் சொன்னாங்க. நான் ஸ்டூல்ல ஏறுனேன். அதுக்குள்ள போயிட்டாங்க."

"மூணு தடவையும் ஏறுனீங்களா?"

அக்கா ஆமாம் என்று தலையசைத்தார். மூன்று தடவையும் ஏறித்தான் இருந்தார். கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்டாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து மாலையில் பின்வாசலில் மற்றவர்களுக்குப் பையை மட்டும் பார்த்தார்கள். அக்காவுக்கு டிபன் டப்பாவையும் திறந்து பார்த்தார்கள். சேலைக் கொசுவத்தைத் தடவிப் பார்த்தார்கள். "டப்பாவுக்குள்ள தேளும் இல்ல, வாத்தும் இல்லத்தா. கருவேப்பிலதான் கெடக்கு" என்று அவர் சொன்னதற்குச் சோதித்த பெண் சிரித்துவிட்டாள். பஸ் நிலையம் போகும் வழியில் அக்கா கொசுவத்தை இரண்டு தடவை சரிசெய்தார்.

வைகாசியில் என் கூடப்பிறந்த அக்காவின் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் சின்னதாக இருந்தால் கட்டிக்கொடுத்த வீட்டில் பேச்சு வரும். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அதைச் செய்ய வேண்டியவர் அண்ணன் சந்தோஷ்குமார். பார்சல் கொண்டுகொடுக்கும் வேலை அவருக்கு. ஐம்பத்தொரு தட்டு என்று சொல்லிவிட்டார். பழத் தட்டு, வெற்றிலைத் தட்டு, துணித் தட்டு இவற்றோடு, இப்போது எல்லோரும் வைப்பதுபோல் ஏழு தட்டு பொம்மையும். திருச்சியில் மொத்தமாக வாங்கினேன் என்றார். விராலிமலையில் அவருடைய கூட்டாளி ஒருவர் வீட்டில் கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, வேனில் வந்து இறங்கின.

மேளத்துக்குப் பின்னால் பெண்கள் வரிசையாகத் தட்டு ஏந்தி மண்டபத்துக்கு நடந்தோம். என் கையில் கொடுத்தது பொம்மைத் தட்டு. சம்பந்தி வீட்டார் எழுந்து நின்று பார்த்தார்கள். "மாமன்னா இவன்ல மாமன்" என்று யாரோ சொன்னது கேட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மேடைக்கு முன்னால் தட்டுகளைப் பரப்பிக் கண்ணாடித்தாளைப் பிரித்தோம். கார் அட்டைகள் விசிறிபோல் அடுக்கப்பட்டிருந்தன. எங்கள் கடையிலும் இதே கார்கள்தானே என்று ஒன்றை எடுத்துத் திருப்பினேன். விலைச்சீட்டு கிழித்த தடம் இருந்தது. கீழ் மூலையில் பச்சை மையில் தேதி. நடுவில் கோடு போட்ட ஏழு.

இன்னொன்றைத் திருப்பினேன். பிறகு மூன்றாவதை. அதற்குமேல் திருப்பவில்லை.

அண்ணன் சமையல் கொட்டகைக்குப் பின்னால் நின்றிருந்தார். அட்டையை நீட்டினேன். முதலில் சிரித்தார்.

"ரேட்டான உருப்படியெல்லாம் போன்லயே வித்துப் போச்சு. மிச்சம் கெடந்ததைத் தட்டுல வச்சேன். இதுல என்ன?"

"யாருண்ணே எடுத்தது?"

"நாங்க நாலு பேரு. கரூரு, காரைக்குடி, திருச்சின்னு எல்லா எடத்துலயும்தான். ஒங்க கடை ஒண்ணு மட்டுமா?"

"எங்க கடைன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சதுனாலதாண்டி நீ சாப்பிடப் போற நேரமாப் பாத்து அனுப்புனேன். ஒம் மேல ஒரு தூசி விழுந்துச்சா?"

"அங்க இன்னொரு ஆளு நிக்கிறாங்கல்ல?"

"அவங்க நமக்கு யாரு?"

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாசி மாதம் முழுக்க அண்ணன் என் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டி எந்தக் கிழமை பிரிப்பீர்கள், எந்தக் காரைத் தேடி வருகிறார்கள், நீ எப்போது சாப்பிடப் போவாய், அப்போது யார் நிற்பார்கள். வீட்டில் யாரும் என் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை என்பதால் சந்தோஷமாகச் சொன்னேன். அட்டை மூலையில் இருக்கும் அடையாளத்தைக் கடையில் படமெடுத்துக்கூடக் காட்டினேன். அக்கா ஸ்டூலில் ஏறுவதையும் நான்தான் சொல்லியிருந்தேன், வேடிக்கையாக.

திரும்பி மண்டபத்துக்குள் வந்தபோது இளமதி அக்கா வந்திருந்தார். நான்தான் அழைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, மாம்பழக் கலர் சேலை. தட்டுகளுக்கு முன்னால் குனிந்து நின்றார். ஒரு காரை எடுத்தார். பின்பக்கம் பார்த்தார். மறுபடி அதே இடத்தில், கோணல் இல்லாமல், கடையில் வைப்பதுபோலவே வைத்தார்.

"இதெல்லாம் யாரு சீரு?"

"எங்க அண்ணன் சீருக்கா."

"ம்."

அம்மா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கார்த்தி எப்பப் பாத்தாலும் ஒங்க பேச்சுத்தான். சாப்பிடாமப் போகக் கூடாது." அக்கா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பந்தியில் உட்கார்ந்தார். அண்ணன்தான் அந்த வரிசைக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தார். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மோர் வந்ததும் இலையை மூடினார். போகும்போது என்னிடம், "நாளைக்கு வருவேல்ல?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இன்னைக்குத்தான் அவ மாமியா வாயடைஞ்சிருக்கு. திருட்டுச் சீருன்னு தெரிஞ்சா ஒங்கக்கா அங்க வாழ முடியுமா? வாயத் தொறந்துராதடி" என்றார். அண்ணனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். இனிமேல் எங்கள் கடைக்கு யாரையும் அனுப்பக் கூடாது. சரி என்றார்.

திங்களும் செவ்வாயும் அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தார். நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜரிடம் அவரே போய்ச் சொல்லியிருக்கலாம். என் அண்ணன், என் வீட்டு விசேஷம் என்பதால் என் வாயால் வரட்டும் என்று விட்டிருந்தார்.

புதன்கிழமை தமிழ்செல்வன் சார் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். மேசையில் ஒரு வெள்ளைத்தாள்.

"போலீஸ் வரைக்கும் போக வேணாம்னு முதலாளி சொல்றாரு. கவனக்குறைவா எடுத்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க."

"கவனக்குறைவா எப்படி சார் எடுக்கிறது?" என்றார் அக்கா. "வேலைய விட்டுப் போறேன்னு வேணா எழுதுறேன். எடுத்தேன்னு எழுத மாட்டேன்."

"கார்த்திகா, நீ கூடவே நிக்கிற புள்ள. ஒனக்கு ஏதாவது தெரியுமா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கெஞ்சும் பார்வை இல்லை. வரிசையில் நிற்பவரை அடுத்தது நீங்கள் என்று பார்ப்பதுபோல் பார்த்தார்.

"தெரியாது சார்" என்றேன்.

இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அக்கா பின்வாசல் வழியாகப் போனார். அன்றைக்கும் டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

பொம்மைப் பிரிவு என் பொறுப்புக்கு வந்தது. பத்தொன்பது நாள் கழித்து, மாதக் கடைசியில் சரக்கு எண்ணினோம். ஒன்றுகூடக் குறையவில்லை. தமிழ்செல்வன் சார் பட்டியலைக் கையில் தட்டிக்கொண்டே, பில் போடும் பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பாத்தீங்களா? அந்தம்மா போனதுக்கு அப்புறம் ஒரு சக்கரம்கூடக் காணாமப் போகல. இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

அந்தச் சாட்சியைச் செய்துவைத்தவள் நான். யாரையும் அனுப்பக் கூடாது என்று அண்ணனிடம் நான் சொன்னதால் எங்கள் கடையில் திருட்டு நின்றது. திருட்டு நின்றதால் அக்கா திருடியாகவே ஆகிப்போனார். சும்மா இருக்கிறேன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றே தமிழ்செல்வன் சார் அறைக்குப் போய்ச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவும் இல்லை.

"இதை அன்னைக்கே கேட்டனேம்மா" என்றார். பிறகு அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அக்காவின் குரல்.

"இளமதி, தப்பாயிருச்சும்மா. எடுத்தது வெளியாளுங்க. கார்த்திகா வந்து சொன்னா."

"எப்ப சொன்னா?"

"இப்பத்தான். இன்னைக்கு."

"இன்னைக்கா?"

சார் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போன் பக்கம் குனிந்தார்.

"வேலைக்கு வந்துருங்கம்மா. முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"வாரேன் சார். காலையில கடை தொறக்கையில எல்லாரும் கீழ வரிசையா நிப்பாங்கல்ல, அப்ப வாரேன். நீங்க சொல்ல வேணாம். அவளே சொல்லட்டும்."

மறுநாள் ஒன்பதேகாலுக்கு நாற்பது பேருக்குமேல் நின்றிருந்தோம். சாமி படத்துக்கு முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அக்கா தோளில் பையோடு கடைசியில் வந்து நின்றார். என்னை முன்னால் கூப்பிட்டார்கள்.

"இளமதி அக்கா எதுவும் எடுக்கல. எடுத்தது வெளியாளுங்க" என்றேன்.

"எந்த வெளியாளு?" என்று கேட்டது அக்கா.

"ஒரு நாலு பேரு."

"அதுல ஒனக்கு யாரு?"

ஜவுளிப் பிரிவுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க அண்ணன். சந்தோஷ்குமார்."

"எந்த நேரத்துல வரணும்னு அவருக்கு யாரு சொன்னா?"

"நான்தான். தெரியாமச் சொன்னேன்."

"தெரிஞ்சது எப்ப?"

"காதுகுத்து அன்னைக்கு."

யாரோ த்ச்சு என்றார்கள். அக்கா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். முகத்தில் கோபமும் இல்லை, நிம்மதியும் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் வருகைப் பதிவேட்டில் தன் பெயரைத் தேடினார். அடித்திருந்தார்கள். அடித்த கோட்டுக்கு மேலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று, மேலே ஏறிப் போனார்.

நான் கீழேயே நின்றேன். ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும் என்றும், அண்ணனின் பெயரையும் விலாசத்தையும் அவர்களிடமும் நானே சொல்ல வேண்டும் என்றும் தமிழ்செல்வன் சார் சொல்லியிருந்தார்.