காத்தைப் படம் பிடிக்கிற வேலை

எங்க வேலை, காத்தைப் படம் பிடிக்கிற வேலை. கல்யாணப் பந்தியில யாராவது "என்னம்மா பண்றே?"ன்னு கேட்டா, "ஆராய்ச்சி"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டு ரசத்துக்குக் கையை நீட்டிருவேன். விளக்கப் போனா இலையில சோறு ஆறிரும். "எப்பம்மா முடியும்?"ங்கிற கேள்விக்குப் பதில் தெரியாம முழிச்ச என் சக பாவிகளே, உங்களுக்கு மட்டும் சொல்றேன், கேளுங்க.

மதுரையில ஒரு காலேஜ் லேப். அங்க ஒரு பெட்டி, பெட்டிக்குள்ள ஆர்கான் வாயு. எக்ஸ்ரே உள்ள பாஞ்சா வாயுவுல இருந்து எலெக்ட்ரான் தெறிக்கும். அதைப் பொடிப்பொடியா ஓட்டை போட்ட மெல்லிசுத் தகட்டுப் பக்கம் இழுத்து விடுவோம். ஓட்டைக்குள்ள நுழையிறப்ப ஒண்ணு பலதாப் பெருகி, மினுக்குன்னு ஒரு வெளிச்சம் வரும். பெட்டியோட கண்ணாடி வழியா கேமரா அந்த மினுக்கைப் படம் எடுக்கணும். இது சரியா வந்தா, புத்துநோய் ஆஸ்பத்திரியில கதிரு விழ வேண்டிய இடத்துலதான் விழுதான்னு கண்ணால பாத்துச் சொல்லலாம்.

வந்தாத்தானே! பெட்டி கட்டவே ஒரு வருசம் போச்சு. கட்டின பிறகு எடுத்த படம் பூராவும் கலங்கல். ஆயுத பூஜை லீவு முடிஞ்ச மறுநாள் பரிசீலனைக் குழு வருது. தெளிவா ஒரு படம் காட்டலைன்னா ஆராய்ச்சியை மூட்டை கட்டிட்டு, அப்பா பேரையூர்ல சொல்லி வச்சிருக்கிற பள்ளிக்கூடத்துக்கு டீச்சராப் போகணும். டீச்சர் வேலை நல்ல வேலைதான். ஆனா எனக்கு இந்தப் பெட்டிதான் வேணும்.

அப்பாவோட சந்தேகம்

அப்பா பருத்தி போடுறவர். விதை வாங்க மதுரைக்கு வந்தவர், மக என்னதான் பண்றான்னு பாக்க லேப்புக்கே வந்துட்டார். கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பெட்டியை ஒரு சுத்துச் சுத்தினார். கம்ப்யூட்டர்ல இருந்த படத்தைக் குனிஞ்சு பாத்தார், நிமிந்து பாத்தார், கண்ணாடியைக் கழட்டித் தொடச்சிட்டும் பாத்தார். குத்தம் சொல்ல மனசு வரலை போல. கிளம்புறப்ப மெதுவாச் சொன்னார்: "ஏத்தா, எடுக்கும்போது ஆளு அசைஞ்சிருச்சோ?"

எந்தப் பட்டறை?

ஆர்கான் சிலிண்டர் விக்கிற கடையில எனக்கு முன்னால நிக்கிறவங்க எல்லாரும் வெல்டிங் பட்டறைக்காரங்க. கடைக்கார அண்ணே என்னையும் அந்தக் கணக்குல சேத்து, "இரும்புக் கேட் பண்றதுக்கா, ஜன்னல் கிரில் பண்றதுக்காம்மா?"ன்னார். "ரெண்டும் இல்லண்ணே, இந்த வாயுவுல எக்ஸ்ரே படம் எடுக்கப் போறோம்"னேன். சிலிண்டரை உருட்டிட்டு வந்தவர் அப்படியே நிப்பாட்டிட்டு என்னை ஏற இறங்கப் பாத்தார். "இம்புட்டுக் காலமா விக்கிறேன், எவனும் எனக்கு ஒரு படம் காட்டலையேம்மா!"

பாய் தைச்ச இருட்டு

அந்த மினுக்கு அம்புட்டு மங்கல். வெளி வெளிச்சம் ஒரு பொட்டு உள்ள வந்தாலும் போச்சு. பெட்டியையும் கேமராவையும் சேத்து மூட, விளாங்குடியில ஒரு தையக்கடை பாய்கிட்டக் கறுப்பு உறை தைக்கக் குடுத்தேன். அழகாத் தைச்சிருந்தார். போட்டுப் பாத்தா, தையல் ஓடின வழியெல்லாம் ஊசி ஓட்டையில வெளிச்சம் எட்டிப் பாக்குது. திரும்பத் தூக்கிட்டுப் போனேன். பாய் உறையை ட்யூப்லைட்டுக்கு நேராப் பிடிச்சுப் பாத்தார், என்னையும் பாத்தார். உள்ளுக்கு இன்னொரு துணி வச்சு ஒட்டினார். கையில குடுக்கிறப்பத்தான் கேட்டார்: "பாப்பா, உள்ள யாரு தூங்கப் போறா?"

கருவாடு

படம் எடுக்க ஏதாவது ஒரு பொருள் வேணுமில்லையா? நாங்க தேர்ந்தெடுத்தது நெத்திலிக் கருவாடு. முள்ளு மெல்லிசு, எங்க சின்ன எக்ஸ்ரேக்குத் தோது. எக்ஸ்ரேக்கும் பெட்டிக்கும் நடுவுல அதை வச்சா, அதோட நிழல் உள்ள தகட்டு மினுக்குல தெரியணும். கேமராவுக்கு டார்ச் அடிச்சு ஏற்கெனவே ஃபோகஸ் வச்சாச்சு. ஆனாலும் முள்ளு ஒண்ணுகூடத் தெரியலை. என் வழிகாட்டி தனராஜ் சார் பழியை வாயு மேல போட்டார். வாயுவை மாத்தினோம், அழுத்தத்தை மாத்தினோம், தலையெழுத்தைத் தவிர எல்லாத்தையும் மாத்தினோம். லேப் பூராவும் கருவாட்டு நாத்தம் அடிச்சதுதான் மிச்சம். சார் திரையைப் பாத்துப் பெருமூச்சு விட்டார்: "ஏம்மா, இது கருவாடு இல்ல, குழம்பு."

பூஜைக்குப் பிறகு

லீவுக்கு ஊருக்குப் போயிட்டுத் திரும்பினேன். மறுநாள் குழு. கடைசியா ஒரு படம் எடுத்தா, நட்டநடுவுல கறுப்பா ஒரு வட்டம்! தகட்டுக்குக் குடுக்கிற கரண்டுல தீப்பொறி கெளம்பித் தகடு பொசுங்கிப் போச்சுன்னு நெனச்சேன். புதுத் தகடு வெளிநாட்டுல இருந்து வரணும், மாசக்கணக்காகும். ஸ்டூல்ல உக்காந்து அழுதேன், இதுல வெக்கம் என்ன?

கண்ணைத் தொடச்சிட்டு மறுபடி பாத்தேன். கருவாடு வழக்கம்போலக் கலங்கித்தான் கெடக்கு. ஆனா அந்த வட்டம் மட்டும் வெட்டி வச்ச மாதிரி இருக்கு. ஓரத்துல விரல் ரேகை வரைக்கும் தெரியுது. தகட்டுல ஏது விரல் ரேகை? உறையைத் தூக்கினா, கேமராவுக்கு எதிர்ல கண்ணாடியில ஒரு சந்தனப் பொட்டு, அதுக்கு மேல குங்குமம்! எங்க அட்டெண்டர் முத்திருளன் அண்ணே ஆயுத பூஜைக்கு மிஷின் மிஷினாப் பொட்டு வச்சவர், இதை மட்டும் விடுவாரா?

கூப்பிட்டுத் திட்ட வாயைத் தெறந்தவ, அப்படியே நின்னுட்டேன். பொட்டு இம்புட்டுத் தெளிவாத் தெரியுதுன்னா, கேமரா கண்ணாடியைத்தானே பாத்துக்கிட்டிருக்கு? தகடு ரெண்டு விரல் தள்ளி உள்ள இருக்கே! அன்னைக்கு டார்ச் அடிச்சப்ப கண்ணாடித் தூசியைத் தகடுன்னு நெனச்சு, நானும் சாருமாச் சேந்து ஃபோகஸ் வச்சிருக்கோம். வாயு பாவம், அது மேல ஒரு குத்தமும் இல்ல. நான் சிரிக்கிறதைப் பாத்து அண்ணே பயந்துட்டார். "கோவிச்சுக்காத தாயி, கேமராவுக்கும் வைக்கத்தான் பாத்தேன், அதுக்குள்ள சந்தனம் தீந்துருச்சு."

முள்ளு

பொட்டைத் தொடச்சு, லென்ஸைத் துளித்துளியாத் திருப்பினோம். படம் வந்துச்சு. தலை, நடு எலும்பு, ரெண்டு பக்கமும் சீப்புப் பல்லு கணக்கா முள்ளு! சார் "ஸ்தோத்திரம்!"னார், அண்ணே "அழகரே!"ன்னார், நான் வெறுமனே கத்தினேன்.

மறுநாள் குழுத் தலைவி அம்மா படத்தையே ரொம்ப நேரம் பாத்தாங்க. "ஃபோகஸ் எப்படிச் சரிபார்த்தீங்க?"ன்னு கேட்டாங்க. "ஒரு அடையாளப் புள்ளி வச்சோம்"னு சார் கௌரவமா ஆரம்பிச்சார். டீ கொண்டு வந்த முத்திருளன் அண்ணே, "சந்தனங்கம்மா"ன்னு போட்டு உடைச்சுட்டார். அந்தம்மா சிரிச்ச சிரிப்புல டீ தளும்பிருச்சு. ஆராய்ச்சியைத் தொடரலாம்னு அங்கேயே சொல்லிட்டாங்க.

படத்தை அப்பாவுக்கு வாட்ஸ்அப்புல அனுப்பினேன். உடனே போன் வந்துச்சு. "பள்ளிக்கூடத்துல எம்மக வரலைன்னு சொல்லிட்டேன்த்தா. இந்தவாட்டி மீனு அசையாம இருந்திருச்சுல்ல?"

இப்ப எந்தப் பெட்டி கட்டினாலும் முதல்ல கண்ணாடியில ஒரு பொட்டு வச்சுப் பாத்துட்டுத்தான் வேலையைத் தொடங்குறோம். உலகத்துல பொட்டு பளிச்சுன்னு தெரிஞ்சா அபசகுனம்னு ஒரு தொழில் இருந்தா, அது எங்களதுதான்.