சாமிப் பூவும் அல்சேஷனும்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை நேரே கடலில் போய் முடிகிறது. காலையில் என் பொமரேனியனைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நடப்பேன். அதே நேரத்தில்தான் முன்வீட்டு அங்கிள், கையில் ஷொப்பிங் பையோடு சாமிக்குப் பூப் பறிக்க வெளிக்கிடுவார். தன் வீட்டுப் பூ அல்ல. அடுத்தவர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் செவ்வரத்தை. அவர் திறந்தபடி விட்டுவரும் கேட் வழியாக அவருடைய அல்சேஷனும் வெளியே வரும், சங்கிலி இல்லாமல்.

அது உறுமிக்கொண்டு எங்களிடம் பாயும். நான் என் நாயைத் தூக்கி அணைத்தபடி மதிலோடு ஒட்டி நிற்பேன். அங்கிள் கொப்பை வளைத்தபடியே, திரும்பிப் பாராமல் சொல்லுவார்:

"பயப்படாதேங்கோ பிள்ளை, அது ஒண்டும் செய்யாது. விளையாடுது."

சாமிக்குப் பூ வைக்கிற மனிதரோடு காலங்காத்தாலே என்ன சண்டை என்று பொறுத்தேன். ஒருநாள் அந்த விளையாட்டுப் பிள்ளை என் நாயின் வாலைக் கவ்வி ஒரு பிடி முடியைப் பிடுங்கிவிட்டது. என் பொறுமையும் அதோடு போய்விட்டது.

மறுநாள் வானம் மழைக்குணம்; கையில் குடையோடு போனேன். அல்சேஷன் பாய்ந்து வந்தபோது அதன் மூஞ்சிக்கு நேரே குடையின் பட்டனை அமத்தினேன். குடை படாரென்று விரிந்தது. அது வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிப்போய் அங்கிளின் கால்களுக்குள் புகுந்ததில், பறித்த பூவெல்லாம் ரோட்டில் கொட்டுப்பட்டது.

"என்ன பிள்ளை இது? வாயில்லாச் சீவனை இப்பிடியோ வெருட்டுறது?" என்று கத்தினார்.

"பயப்படாதேங்கோ அங்கிள்," என்றேன். "குடை ஒண்டும் செய்யாது. விளையாடுது."