பகலவன் கட்டிக்கொடுத்த சோறு

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் மோல்டர் பகலவன் என்றால் வீட்டைக் காட்டுவார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் இருந்த ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறையில் அவனுக்கு வேலை. எல்லோரும் பவுண்டரி என்று சொல்வார்கள். மோல்டர் என்றால் ஈரமண்ணை இடித்து இறுக்கி அச்சு செய்ய வேண்டும். உருக்கிய இரும்பை அதில் ஊற்ற வேண்டும். அவன் அச்சில் வார்த்த பம்பு உறைகளை சூப்பர்வைசர் தட்டிப் பார்க்காமலே லாரியில் ஏற்றச் சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே பகலவன்தான் என்று இன்னொரு பேச்சும் உண்டு. தற்பெருமை கொஞ்சம் தூக்கலான ஆள். ஆனால் வெறும் வாய் இல்லை. ஒன்றைச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டால் அதைச் செய்து முடிக்கும் வரை அவனுக்குத் தூக்கம் வராது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், பால்வாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி சிவந்திக்கு நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கி ஒன்றரை வருஷம் படிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த வேலை மேல் ஆசை. ஆனால் இடம் கிடைத்த அன்று அவள் முகத்தில் சிரிப்பைக் காணோம். நாலாவது படிக்கும் மகள் மகிழினியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"புள்ளைய யாருய்யா பாத்துப்பாங்க?" என்றாள்.

"நான் இன்னா செத்தா பூட்டேன்? நீ போய் நர்ஸா வா. சோறாக்கறது இன்னா பெரிய வித்தையா? இரும்பையே ஆக்கி எறக்கறவன் நானு," என்றான் பகலவன்.

பக்கத்துப் போர்ஷனில் இருந்த அவன் அக்கா ராஜாத்திக்கு இது துளிகூடப் பிடிக்கவில்லை. தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அந்த உரிமையில் அவனைத் திட்டுவதற்கு அவளுக்கு நேரம் காலம் கிடையாது. "ஆம்பள ஆக்குன சோத்தத் துன்னு எந்தப் புள்ளடா வளந்துச்சு?" என்று கேட்டாள். ஆனாலும் காலையில் மகிழினிக்குத் தலை பின்னி, நாஷ்டா கொடுத்து, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவது என் பொறுப்பு என்று அவளே சொல்லிவிட்டாள். கோபம் ஒரு பக்கம், பாசம் ஒரு பக்கம், அது ராஜாத்தியின் சுபாவம்.

பகலவனுக்கு அப்போது முதல் ஷிப்டு. ஆறு மணிக்குச் சங்கு ஊதும்போது உள்ளே இருக்க வேண்டும். அதனால் விடிவதற்கு முன்பே எழுந்து உலை வைப்பான். சோறு வடித்து, ஒரு சாம்பாரோ புளிக்குழம்போ கூட்டி, ஒரு பொரியலும் பண்ணுவான். தனக்கு ஒரு டப்பா, மகளுக்கு ஒரு டப்பா. பவுண்டரிக்காரர்கள் எல்லோரும் கட்டுவது போலத்தான் கட்டுவான். கொதிக்கக் கொதிக்கச் சோற்றைப் போட்டு, அமுக்கி, குழம்பை ஊற்றி, ஆவி வெளியே போகாமல் இறுக்கி மூடிவிடுவான். மூடியைத் திறக்க முடியாத அளவுக்கு இறுக்கி மூடுவதில்தான் அவனுக்குத் திருப்தி. பள்ளிக்கூடத்தில் ஆயாம்மா திறந்து கொடுப்பார் என்று மகளிடம் சொல்லியிருந்தான்.

சாயங்காலம் மகிழினியின் டப்பா துடைத்து வைத்தது போலக் காலியாக வரும். அதைக் கழுவும்போது பகலவனுக்குத் தலைகால் புரியாது. பவுண்டரியில் போய், "எம்பொண்ணு ஒரு பருக்கை வுடறது இல்ல மாமு" என்று கூட்டாளி தமீமிடம் அளப்பான். தமீம் மூன்று பிள்ளைகளைப் பெற்றவன். டப்பாவில் மீதி வைக்காத பிள்ளையை அவன் கேள்விப்பட்டதே இல்லை. "மெய்யாலுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகலவன் வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பியபோது மகிழினி பாயில் படுத்திருந்தாள். ராஜாத்தி இடுப்பில் கை வைத்து வாசலிலேயே நின்றிருந்தாள். மத்தியானம் விளையாட்டுப் பீரியடில் பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள். ஆயாம்மாவே கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறார்.

"டேய், புள்ள மத்தியானத்துல சோறே துன்றது இல்லியாம். தெனம் செவுத்துக்கு அந்தாண்ட காக்காய்க்குக் கொட்டிட்டு டப்பாவ அலசிக்கினு வருதாம். டீச்சர் சொல்லி அனுப்சிகீறாங்க."

பகலவனுக்குக் காதில் விழுந்தது மனசில் ஏறவில்லை. காலி டப்பாவைப் பெருமையாகக் கழுவிக் கழுவிக் கவிழ்த்து வைத்த அத்தனை சாயங்காலமும் அவன் கன்னத்தில் அறைந்தன.

"ஞாயித்துக்கெழம சிவந்தி போன் பண்ணுவா. நான் சொல்லிடப் போறேன். படிச்சது போதும், வூட்டுக்கு வந்து புள்ளயக் காப்பாத்துன்னு," என்றாள் ராஜாத்தி.

"யக்கா, அத மட்டும் பண்ணாத. அவ வந்தா அப்பால ஒருக்காலும் போ மாட்டா. ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடு."

ராஜாத்தி உள்ளே போய்விட்டாள். பகலவன் மகள் பக்கத்தில் குந்தினான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா கண்ணு, அப்பா சோறு நல்லா இல்லியா?" என்று கேட்டான்.

மகிழினி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு மெல்ல, "காலையில நல்லாத்தான் கீதுப்பா. மத்தியானம் தொறந்தா ஊசிப்போய் நாத்தம் அடிக்குது. நூலு நூலா வருது" என்றாள்.

"ஊசிப்போவுதா? அதே சோத்ததான நானும் துன்றேன்! எனக்குச் சுடச்சுட கீதே!"

டப்பாவை அலசி மறைத்தாளே தவிர, மகிழினி வாயால் பொய் சொல்கிற பிள்ளை இல்லை. பகலவன் இரவு முழுக்க அதையே யோசித்துக்கொண்டு கிடந்தான்.

மறுநாள் வழக்கம் போல இரண்டு டப்பாவையும் கட்டி இரண்டையும் பவுண்டரிக்கு எடுத்துப் போனான். மகளுக்கு ராஜாத்தி வீட்டு இட்லி. ஒரு டப்பாவை வழக்கமான இடத்தில் வைத்தான். வழக்கமான இடம் என்றால், மண் அச்சுகளைக் காயவைக்கும் பெரிய அடுப்பின் மேல் தகடு. அங்கே எல்லோருடைய டப்பாவும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். காலையில் வைத்தால் மத்தியானம் வரை கொதிநிலையிலேயே இருக்கும். எத்தனையோ வருஷமாக அங்கே அப்படித்தான் வழக்கம். இன்னொரு டப்பாவை மகளின் பள்ளிக்கூடப் பை போல ஒரு பையில் போட்டு மூலையில் மாட்டினான்.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டையும் திறந்தான். அடுப்பு மேல் இருந்ததில் ஆவி பறந்தது. பையில் இருந்ததைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். மூடியின் உள்பக்கமெல்லாம் வியர்த்து, அந்தத் தண்ணீர் திரும்பவும் சோற்றில் இறங்கி, பிசுபிசுவென்று நூல் விட்டிருந்தது. பகலவன் ஒரு வாய் எடுத்து வைத்துப் பார்த்துத் துப்பினான். இதைத்தான் என் மகள் தினமும் திறந்து பார்த்திருக்கிறாள் என்று நினைத்தபடி அந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

தமீம் டப்பாவை எட்டிப் பார்த்தான். "மாமு, நீ மோல்டரா இன்னா நீ? அச்சுல ஓட்ட போடாம வுடுவியா?"

பகலவன் தலையில் அடித்துக்கொண்டான். மண்ணை இடித்து இறுக்கிய பிறகு மெல்லிய கம்பியால் அங்கங்கே குத்திவிடுவது எந்த மோல்டருக்கும் பாலபாடம். இரும்பை ஊற்றும்போது கிளம்புகிற ஆவி அந்த வழியாக வெளியேறிவிட வேண்டும். வழி இல்லாவிட்டால் உள்ளேயே சுற்றி, வார்ப்பைப் பொத்தல் பொத்தலாக்கிவிடும். ஊர் உலகத்துக்கெல்லாம் பொத்தல் இல்லாத பம்பு வார்த்துக் கொடுத்தவன், பெற்ற மகள் சோற்றில் ஆவியை அடைத்து மூடியிருக்கிறான். அவமானமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. வியாதி பிடிபட்டுவிட்டதே என்கிற நிம்மதிதான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது.

வியாழக்கிழமை அவன் இன்னும் முன்னால் எழுந்தான். சோற்றைக் குழையவிடாமல் உதிரியாக வடித்தான். பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, ஃபேனுக்கு அடியில் வைத்தான். வைத்த வேகத்தில் கரண்ட் போனது. வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டிவிட்டு முறத்தை எடுத்து விசிற ஆரம்பித்தான். சோறு கைக்குச் சில்லென்று ஆன பிறகுதான் புளிக்காய்ச்சலைக் கலந்தான். குழம்பு ஊற்றிப் பிசைகிற வேலையே இனி வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தான். தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாட்டை மொறுமொறுவென்று வறுத்து, அதையும் ஆறவிட்டுத் தனிச் சின்ன டப்பாவில் போட்டான். மகிழினிக்கு அது உயிர். சோற்றோடு சேர்த்து வைத்தால் நமுத்துப்போகும். மூடியின் உள்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்தான். கடைசியாக, பிள்ளை கையாலேயே திறக்கிற அளவுக்கு மட்டும் மூடினான். டப்பாவையும் பழைய பெரியதை விட்டுவிட்டுச் சின்னதாகத்தான் எடுத்திருந்தான். மலை மாதிரி சோற்றைப் பார்த்தால் பெரியவனுக்கே மலைப்பு வரும், பிள்ளைக்கு வராதா?

சாயங்காலம் டப்பா காலியாக வந்தது. பழைய பகலவனாக இருந்தால் தெருவுக்கே சொல்லியிருப்பான். இப்போது அந்தக் காலி டப்பாவைப் பார்த்தாலே அவனுக்குப் பயமாக இருந்தது. ஊசிப்போன நாட்களிலும் இதே போல்தான் காலியாக வந்தது. மகளைக் கேட்டான். "துன்னேம்பா" என்றாள். அதை நம்பவும் ஆசை, நம்பினால் ஏமாந்துவிடுவோமோ என்றும் கிலி.

வெள்ளிக்கிழமை இரண்டாம் ஷிப்டுக்காரர் ஒருவரிடம் ஷிப்டை மாற்றிக்கொண்டான். சக்கரைப் பொங்கல் மாதிரி ஏதாவது இனிப்பு கட்டலாமா என்று ஒரு சபலம் வந்தது. வேண்டாம், ஆசை காட்டித் தின்ன வைத்ததாகிவிடும் என்று எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் கட்டினான். மத்தியானம் பள்ளிக்கூடக் கம்பி வேலிக்கு வெளியே, வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரி ஒன்றின் மறைவில் போய் நின்றான். திருடன் மாதிரி நிற்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வட்டம் வட்டமாக உட்கார்ந்தார்கள். மகிழினி டப்பாவைத் தன் கையாலேயே திறந்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பவும் இல்லை. அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். பக்கத்தில் இருந்த பெண் வறுவலில் கை வைத்தபோது அந்தக் கையில் ஒன்று போட்டாள். பிறகு மனசு கேட்காமல் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். "எங்கப்பா ஆக்குனதுடி" என்று அவள் சொன்னது தெருவில் நின்றவனுக்குத் தெளிவாகக் கேட்டது. கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அவள் விரலைச் சூப்பியபோது பகலவன் லாரிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டான். லாரி டிரைவர், "இன்னா நைனா, மயக்கமா?" என்று கேட்டார். பகலவன் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நசீர் பாய் மளிகைக்கடை டெலிபோனுக்கு எதிரே மூன்று பேரும் நின்றார்கள். சிவந்தி வாராவாரம் அங்கேதான் போன் செய்வாள். ராஜாத்தி ஏனோ அன்று தம்பி முகத்தைப் பார்க்கவில்லை. மணி அடித்ததும் பகலவன் பாய்ந்து எடுத்தான்.

"யோவ், பொட்டி கட்டிட்டேன். மத்தியான வண்டிக்கு வந்துர்றேன்," என்றாள் சிவந்தி. அழுது தொண்டை கட்டியிருந்தது. "அக்கா செவ்வாக்கெழமயே போன் போட்டுச் சொல்லிட்சி. ஹாஸ்டல்ல இன்னிக்குத்தான் வெளிய வுடறாங்க. எம்புள்ள பட்னி கெடக்கச்சொல்ல எனக்கு இன்னாய்யா படிப்பு?"

பகலவன் திரும்பிப் பார்த்தான். ராஜாத்தி வெங்காய மூட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைத் திட்டுவதற்கு அவனுக்கு மனசு வரவில்லை. சிவந்தியிடம் அடுப்புத் தகடு, ஆவி, முறம், புளிச்சோறு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லப் போய், எதுவும் கோவையாக வரவில்லை. அந்தப் பக்கம் அவள், "வந்துர்றேன்யா, வந்துர்றேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மகிழினி எக்கி நின்று அவன் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாள்.

"ம்மா, நீ வராத."

கடையில் சாமான் வாங்க நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்போ மெய்யாலுமே துன்றேம்மா. அப்போ ஊசிப்போச்சு, கொட்டுனேன். அப்பாகிட்ட சொன்னா அத்தைக்குத் தெரியும், அத்த உன்ன வரச் சொல்லிடும். அதான் சொல்லல. நீ நர்ஸ் ஆவணும்னுதாம்மா சொல்லாம கெடந்தேன். இப்ப நீ வந்துட்டின்னா நான் பட்னி கெடந்ததெல்லாம் வேஸ்ட்டும்மா."

ஒன்பது வயசுப் பிள்ளை, பசியை மென்று விழுங்கிக்கொண்டு அம்மாவின் படிப்பைக் காவல் காத்திருக்கிறாள். பவுண்டரியில் பகலவன் அடித்துக்கொண்ட தம்பட்டத்தை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் இவள் பெருமைக்குப் பக்கத்தில் வராது. ராஜாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மகிழினியைத் தன்னோடு சேர்த்து அணைத்தாள். "நீ படிம்மா சிவந்தி, நாங்க கீறோம்" என்று ரிசீவரில் வாயை வைத்துச் சொன்னாள்.

கடைசியில் ரிசீவர் பகலவன் கைக்கு வந்தது. அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு சிவந்தி கேட்டாள்.

"யோவ், பொட்டிய அவுத்துடறேன். நாளிக்குப் புள்ளைக்கு இன்னா கட்டப்போற?"

பகலவன் கண்ணைத் துடைக்கவும் இல்லை, கடையில் நின்றவர்களைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. "தக்காளிச் சோறு, அப்பால முட்டைப் பொரியல்!" என்று அவன் போட்ட சத்தம், டெலிபோன் இல்லாமலே செங்கல்பட்டுக்குக் கேட்டிருக்கும்.