மச்சான் பிடித்த கயிறு

தோணியில் நாங்கள் நால்வர் இருந்தோம். கரையில் நடந்துகொண்டிருந்த பச்சைச் சேலைப் பெண் இறந்துபோனவள் என்பது எங்களில் மூவருக்குத் தெரியும். நான்காமவர் அவளுடைய அண்ணன். அவரும் அதை ஒப்புக்கொள்ளும் நாள் வந்தால் அவளுடைய கணவரின் உயிருக்குக் காவல் இல்லாமல் போகும் என்ற அச்சத்திலேயே நான்கு மாதங்களைக் கழித்தோம். அந்தக் கணவர், என் இருபதாம் வயதில் நான் மணக்க விரும்பியவர்.

அந்த ஆவணியைப் பற்றிச் சொல்ல ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருப்பதால், எல்லோருக்கும் பொதுவானதை நான் விரிக்கப்போவதில்லை. காய்ச்சல் கண்டது, மூன்றாம் நாள் மூச்சு நின்றது, நின்ற சில நாழிகைகளில் எழுந்து நடந்தார்கள், கடித்தார்கள். இளையவர்கள் ஜாம்பி என்றார்கள். எங்கள் பக்கத்தில் ‘எழும்பினவங்க’ என்ற சொல்லே நிலைத்தது. நான் ஒருமுறை வாய்தவறி ‘உயிர்த்தவங்க’ என்றபோது, கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்தவளான என் நர்சுத் தோழி, “ஏளா, அது ஒருத்தருக்குத்தான் உண்டு. இவங்களுக்குச் சொல்லாத,” என்று கண்டித்தாள்.

அப்போது நாங்கள் மூன்று தோழிகளாக இருந்தோம். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான், அந்த நர்சு, துறைமுகத்தில் சரக்கு லாரிகளின் எடையைச் சரிபார்க்கும் வேலையில் இருந்த இன்னொருத்தி. மூவரும் தனித்து வாழ்ந்தவர்கள். மாலையில் சேர்ந்து நடப்போம், புத்தகங்களை மாற்றிக்கொள்வோம், ஒருத்தியின் சமையலை மற்றவர்கள் குறை சொல்வோம். நகரம் காலியானபோது மாப்பிள்ளையூரணிக்கு அப்பால் ஓர் உப்பளத்தின் கொட்டகையில் ஒதுங்கினோம். பாத்திகளில் உறைந்திருந்த உப்பு காலடி பட்டதும் நொறுங்கும். யார் வந்தாலும் தொலைவிலேயே கேட்டுவிடும் என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தவள் துறைமுகத் தோழி.

ஏழாம் நாள் அவளுக்கே காய்ச்சல் கண்டது. ஒரே அறையில் மூவரும் இருக்கும்போது அது முற்றினால் என்ன ஆகும் என்பதை எங்களுக்கு முன்பே அவள் யோசித்து முடித்திருந்தாள். நடக்கத் தெம்பு இருக்கும்போதே எழுந்து கதவருகே போனாள். “நான் போனதும் தாழ்ப்பாளைப் போடுங்க. கூப்பிட்டாலும் திறக்காதீங்க,” என்றவள், சற்று நின்று, “கூப்பிட மாட்டேன்,” என்றாள். அவள் கூப்பிடவில்லை. ஒருநாள் எந்த ஓசையும் இல்லை. அதன் பிறகு கொட்டகையைச் சுற்றிச் சுற்றி உப்பு நொறுங்கிக்கொண்டே இருந்தது. நர்சு ஜெபமாலையை உருட்டினாள். எனக்கு அதுவும் இல்லை, காதுகளைப் பொத்திக்கொண்டேன்.

உச்சிவெயிலில் எழும்பினவர்கள் மந்தமாவார்கள் என்பதைக் கவனித்திருந்தோம். அந்த ஓசை சற்றே விலகிய ஒரு நண்பகலில் நாங்கள் இருவரும் வரப்பின் வழியே கடலை நோக்கி ஓடினோம். கரையை ஒட்டிய நீரில் ஒரு வள்ளம் நின்றது, அதில் இரண்டு பேர். ஒருவர் துடுப்புப் பிடித்திருந்தார். மற்றவர் இடுப்பளவு நீரில் இறங்கி வந்து கையை நீட்டினார். முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தும், முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் கை எனக்குத் தெரிந்தது. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு துடுப்புக்காரரின் காதில் விழும்படி, “நீங்க எந்த ஊரு?” என்று கேட்டார்.

மறந்துவிட்டார் என்றே எண்ணினேன். ஆனால் நான் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்த பின்னும் அவர் என் கையை விடவில்லை. எனவே நானும், “நாசரேத்து. அங்கன பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தேன்,” என்றேன்.

கல்லூரி நாட்களில் நான் நூலகத்தில் திருப்பிக் கொடுக்கும் புத்தகத்தை அடுத்து எடுத்துச் செல்பவராக அவர் இருந்தார். கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவரின் மகன். சனிக்கிழமைகளில் தாமும் குளித்துவிட்டு, சிவந்த கண்களோடு திங்களன்று வகுப்புக்கு வருவார். நான் பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து மளிகைக்கடை வைத்த குடும்பத்தின் மகள். மதம் ஆகாது என்றார்கள் என் வீட்டில். அவர் வீட்டில் சொன்ன காரணம் வேறு. இந்தக் கடற்கரையில் குளிப்பவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். அப்பனும் தம்பியும்கூட அதற்கு ஆகாது. தன் கூடப்பிறந்தவள் தாலியறுப்பதை எவனும் விரும்பமாட்டான் என்பதே அதன் நியாயம். அவருடைய தந்தை கேட்டதை அவரே நூலக வாசலில் என்னிடம் ஒப்பித்தார்: “ஒன் கயித்த யாருலே பிடிப்பா? அவ அண்ணன் தராசுல்லா பிடிப்பான்.” இருவரும் சிரித்தோம். மூன்று மாதம் கழித்து, கயிறு பிடிக்க ஓர் அண்ணன் உள்ள பெண்ணை அவருக்கு மணம் முடித்தார்கள்.

அந்த அண்ணன்தான் துடுப்புப் பிடித்திருந்தவர்.

மாலத்தீவுக்குப் புறப்பட வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிக் காத்திருந்த பெரிய தோணி ஒன்று, அவர்களுடைய ஊருக்கு நேரே நங்கூரமிட்டு ஆளின்றிக் கிடந்தது. அதில்தான் எங்களைச் சேர்த்தார்கள். முளைவிட்ட வெங்காயத்தைப் பிரிக்கும் சாக்கில் சரக்கறைக்குள் இறங்கியபோது, அவர் எனக்கு நிலைமையைச் சொன்னார். மனைவி காய்ச்சலில் இறந்தபோது நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். மச்சான் அப்போது கடலில் இருந்தார். திரும்பி வந்தவர், தங்கை முற்றத்தில் நிற்பதைக் கண்டு பிழைத்துவிட்டாள் என்று அழுதிருக்கிறார். நெருங்கவிடாமல் அவரை வள்ளத்துக்கு இழுத்து வருவதற்கே பெரும்பாடாகியிருக்கிறது. நோய்தான், தெளிந்துவிடும் என்று இன்னும் நம்புகிறார்.

“அவ இருக்கான்னு அவன் நம்புற வரைக்கும்தான் நான் அவனுக்கு மாப்ள,” என்றார். “அதுக்கப்புறம் நான் யாரோ. கயிறு அவன் கையில இருக்கு.”

அவர் மனைவியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே, நல்லவள், ஒரு நாளும் கடலுக்குப் போகாதே என்று தடுத்ததில்லை என்றார். நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை நர்சு என்னருகே வந்து உட்கார்ந்து, “நீ கல்யாணம் வேண்டாம்னு இருந்தது இந்த ஆளுக்காகவா? தலையில முடியே காணோமேளா,” என்றாள். அவளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவளுக்குக் கண் இருந்தது.

அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்தது. வலை வீசிப் பார்த்தோம். முதல் நாளே வலையில் எழும்பினவர் ஒருவர் அசைவோடு வந்தார். அதன் பின் வலையைத் தொட யாருக்கும் மனமில்லை. குளித்தால் எதை எடுக்கிறோம் என்று கண்ணால் பார்த்து எடுக்கலாம். காற்று தரும் இயந்திரத்துக்கு டீசல் இல்லை. எனவே பழைய முறைப்படி, காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி, ஏறக்குறைய அறுபது வயதில் அவர் இறங்கினார். இடுப்பில் கயிறு, அதன் மறுமுனை மச்சானின் கையில். இரண்டு முறை சுண்டினால் இழுக்க வேண்டும். மச்சான் ஒருமுறையும் பிந்தியதில்லை. சங்குச் சதையும் வெங்காயமும் உண்டு நாங்கள் உயிரோடிருந்தோம்.

ஒவ்வொரு காலையும் மச்சான் தொலைநோக்கியில் கரையைப் பார்ப்பார். மீன் ஏலக்கூடத்திலிருந்து மாதா சிலை நிற்கும் கெபி வரை நடந்து, அங்கே நின்று, திரும்பி நடப்பாள் அவர் தங்கை. ஏதோ வேலையை மறந்து மறந்து திரும்புகிறவள் போல. “நர்சம்மா, நீங்க பாத்துச் சொல்லுங்க. நேத்தைக்கு இன்னைக்கு நட தெளிஞ்சிருக்குல்லா?” என்று தொலைநோக்கியை நீட்டுவார். நாற்பது ஆண்டுகள் நோயாளிகளின் உறவினரிடம் உண்மையை மட்டுமே சொன்னவள் என் தோழி. “தெளிஞ்ச மாதிரிதான் தெரியுது,” என்பாள். பிறகு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு தோணியின் மறுபக்கம் போய்விடுவாள்.

நானும் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அவள் விழக்கூடாது என்று நான் விரும்பியதைப்போல வேறு யாரும் விரும்பியிருக்க முடியாது. அவள் நடக்கும்வரை அவர் மூழ்கி எழுவார். அதற்கு விலையாக, ஒரே தோணியில், சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போதுகூட அவர் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை.

மழைக்காலம் முழுவதும் நனைந்த அந்த உடல்கள் மார்கழியில் நிற்க மாட்டாமல் விழத் தொடங்கின. ஒரு காலையில் பச்சைச் சேலை ஏலக்கூடத்தின் ஓரத்தில் கிடந்தது. மச்சான் நண்பகல் வரை தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. பின்பு வள்ளத்தை இறக்கச் சொன்னார். கரையில் இன்னும் சிலர் தொலைவில் தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் கெபிக்குப் பின்னால் குழி தோண்டினோம். நர்சு ஜெபம் சொன்னாள். மண்ணைத் தள்ளி முடித்ததும் மச்சான் அவளிடம், “எப்ப போனா?” என்று கேட்டார்.

அவள் என்னையும் பார்த்தாள், இறந்தவளின் கணவரையும் பார்த்தாள். “ஆவணியில,” என்றாள்.

மச்சான் தலையை அசைத்தார். யாரையும் குறை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பசி பொறுக்கவில்லை. மழைநீர் கலந்து கடல் கலங்கியிருந்தபோதும் நால்வரும் வள்ளத்தில் போனோம், அவர் குளிக்க ஆயத்தமானார். மச்சான் கயிற்றின் முனையை எடுத்தார். அதை என் மடியில் வைத்தார்.

“நீங்க பிடிங்க டீச்சர். எனக்கு இனி அந்த முனையில ஆளு இல்ல.”

எனக்குப் பிடிக்கத் தெரியாது என்றேன்.

“ஒங்க ரெண்டு பேரு சங்கதி மொத நாளே எனக்குத் தெரியும். அவன் யாருகிட்டயும் எந்த ஊருன்னு கேக்கவே மாட்டான். ஒங்ககிட்டத்தான் கேட்டான்.”

கயிற்றை இடுப்பில் கட்டியிருந்தவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, கல்லோடு இறங்கிவிட்டார். கயிறு என் கைக்குள் ஓடியது, நின்றது. பிறகு ஒருமுறை சுண்டியது. இரண்டாவது சுண்டல் மிக மெலிதாக வந்தது. இழுத்தேன். வரவில்லை. காலை வள்ளத்தின் விளிம்பில் ஊன்றி இழுத்தேன். கயிறு என் உள்ளங்கையில் வழுக்கி மறுபடியும் கீழே போனது. மச்சான் இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட எந்த உறவுமுறையும் எனக்கு இல்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. பிறகு என் முதுகுக்குப் பின்னால் வந்து, என் கைகளுக்கு மேலே கயிற்றைப் பற்றினார்.

மேலே வந்தபோது அவருக்கு நினைவில்லை. மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. நர்சு அவர் நெஞ்சை அழுத்தி அழுத்தி மூச்சை மீட்டாள். மீண்ட மூச்சு பழையபடி இல்லை. இன்று மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்கிறார்.

நகரம் மெல்லத் திரும்பிய பிறகு நாங்கள் மணந்துகொண்டோம். நர்சு சாட்சிக் கையெழுத்திட்டாள். மச்சான் ஞாயிறுதோறும் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். சென்ற வாரம் என் கணவர் உள்ளே படுத்திருந்தபோது, மீன் கழுவிக்கொண்டிருந்த மச்சானிடம், அன்றைக்கு ஏன் உடனே எழுந்து வரவில்லை என்று கேட்டுவிட்டேன்.

அவர் கழுவுவதை நிறுத்தவில்லை. “இனி இவன் எனக்கு யாருன்னு யோசிச்சேன்,” என்றார். “பொய் சொல்ல மாட்டேன் டீச்சர். ஏறட்டுமா வேண்டாமான்னுதான் யோசிச்சேன். யோசிச்சு முடிக்கல. அதுக்குள்ள ஒங்க கை கிழிஞ்சு கயிறு செவந்துட்டு.”

சற்றுப் பொறுத்து, “அவன்ட்ட சொல்லிருவீங்களா?” என்றார்.

சொல்லமாட்டேன் என்றேன். மீனை வாங்கி உப்பும் மஞ்சளும் பிசறி வைத்தேன். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அவர்கள் இருவரும் இப்போதும் மாப்ள, மச்சான் என்றுதான் அழைத்துக்கொள்கிறார்கள். என்னை மட்டும் மச்சான் டீச்சர் என்கிறார். வேறு விதமாகக் கூப்பிடுங்கள் என்று கேட்க நான் துணிந்ததில்லை.