பத்து சதவீதத்துக்கு முன்பே தள்ளிய கை

அந்தச் சின்ன ஜெட் என்னைவிட ஒரு வயது மூத்தது. தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரின் பழைய விமான நிலையத்திலிருந்து ஒரு தொழிலதிபருக்காக அதை ஓட்டினோம். உள்ளே ஆறு பேர் உட்காரலாம். ஒருவரும் நிமிர்ந்து நிற்க முடியாது. இடது இருக்கையில் கேப்டன். வலது இருக்கையில் துணை விமானியாக நான்.

கேப்டன் விமானப்படையிலிருந்து வந்தவர், பெங்களூரில் வசதியானவர்கள் வாழும் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். நான் தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் மகன். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு லைசென்ஸ் எடுத்தவன். முதலாளியின் விருந்தினர்கள் ஏறும்போதெல்லாம் கேப்டன் என்னைக் காட்டிச் சொல்வார்: “இவர் நம்ம பிளஸ் டூ பைலட். பயப்படாதீங்க, கூட்டல் கழித்தல் வரைக்கும் வந்துட்டார்.” அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்குச் சட்டென்று பேச்சு வராது.

அந்தக் காலத்து எஞ்சினை நம் கையால்தான் கிளப்ப வேண்டும். பொத்தானை அழுத்தினால் பேட்டரி எஞ்சினைச் சுற்றும். சுற்று, முழு வேகத்தில் பத்து சதவீதத்தைத் தொட்ட பிறகே லீவரைத் தள்ளி எரிபொருளை விட வேண்டும். அதற்கு முன் விட்டால், உள்ளே போகிற காற்று போதாமல் நெருப்பு அங்கேயே தங்கி, டர்பைன் தகடுகளை வாட்டிவிடும். கண் வெப்பமானியில் இருக்க வேண்டும். முள் சிவப்புக் கோட்டுக்கு ஓடினால் அந்த நொடியே லீவரை இழுத்துவிட வேண்டும்.

எனக்குக் கேப்டன் பதவிக்கான சோதனைக்கு ஒரு மாதம் இருந்தது. ஓர் ஏப்ரல் மதியம், விமானம் வெயிலில் நெடுநேரம் நின்று பேட்டரி தளர்ந்திருந்தது. வெளி மின்சார வண்டி வரவில்லை. முதலாளி ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“வோல்ட் கம்மியா இருக்கு சார். வண்டி வந்துடட்டும்” என்றேன்.

“பேட்டரிக்கு ஜாதகம் பாக்கச் சொன்னேனா?” என்று கேப்டன் தானே பொத்தானை அழுத்தினார். ஏழு சதவீதத்தில் லீவரைத் தள்ளினார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போயிற்று. “சார், சார்” என்றேன். நான்கு நொடி கழித்தே இழுத்தார்.

மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தார். தகடுகளின் ஓரம் உருகியிருந்தது. எஞ்சினின் பதிவேட்டில் கேப்டன் எழுதினார்: கிளப்பியவர், துணை விமானி. என் எதிரில்தான் எழுதினார். நான் அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இன்னா குரு நீ! கையி அவுருது, பேரு உன்துதா? வாயத் தொறந்து சொல்லு குரு” என்றார், கிளப்பும்போது கண்ணாடிக்கு எதிரே நின்றிருந்த மெக்கானிக்.

முதலாளியின் அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, யாரையும் பார்க்காமல், வீடிருந்த அல்சூருக்கு பஸ் ஏறிவிட்டேன். என் சோதனை ரத்தானது.

அன்றிலிருந்து அவரை எப்படி வீழ்த்துவது என்பது ஒன்றே என் நினைப்பு. சாப்பிடும்போதும் அதுதான். வழி, கடைசியில் என் கையிலேயே இருந்தது.

ஒவ்வொரு கட்டத்திலும் செய்ய வேண்டியதை வாசிக்கச் சொல்லி செக்லிஸ்ட் கேட்கிற வழக்கத்தை அவர் விட்டு நாளாகியிருந்தது. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் மறப்பதை எல்லாம் என் இடது கை சத்தமில்லாமல் செய்துவிடும். இறக்கை நுனிகளில் இருந்த இரண்டு டாங்கிலும் எரிபொருளைச் சமப்படுத்துவது நான். வால் ஆடாமல் பிடித்திருக்கும் யா டாம்பரை, தரை தொடுவதற்கு முன் அணைப்பதும் நான். அணைக்காவிட்டால் அது, திசை திருப்பும் பெடலை மிதிக்கிற காலுக்கு எதிராக மல்லுக்கு நிற்கும். ஏழு வருடமாக இப்படித்தான். எல்லாம் தன் திறமை என்று அவர் நம்பியிருந்தார்.

அவருடைய வருடாந்திரச் சோதனைக்கு ஒரு பரிசோதகர் வந்து எங்கள் பின்னால் உட்கார்ந்தார். நான் எனக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டேன்: சக்கரம் இறக்கும் விஷயத்தில் மட்டும் வாய் திறப்பேன், மற்றதில் கேட்டால் செய்வேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது இடது டாங்க் கனத்திருந்தது. விமானம் இடப்பக்கம் இழுக்க, கேப்டன் ஸ்டியரிங்கைத் திருகித் திருகிச் சமாளித்தார். காரணம் தெரியவில்லை. பரிசோதகர் பின்னாலிருந்து விரலை நீட்டி எரிபொருள் முள்ளைக் காட்ட வேண்டியிருந்தது. சக்கரத்தை மட்டும் கேப்டனே கேட்டார், இறக்கினேன். யா டாம்பரைக் கேட்கவில்லை. சக்கரங்கள் தரையில் பட்டதும் மூக்கு கோணிக்கொண்டு போனது, டயர் அலறியது. அவர் கழுத்து வியர்த்ததை நான் நிதானமாகப் பார்த்தேன்.

எஞ்சின் அடங்கியதும் பரிசோதகர் கேட்டார்: “செக்லிஸ்ட் எங்கே கேப்டன்?”

அவர் என் பக்கம் திரும்பினார். “ஏன்யா சொல்லலை?”

“நீங்க கேக்கலையே சார்.”

பரிசோதகர் முட்டாள் இல்லை. இருவருக்கும் தேர்ச்சி தரவில்லை. “அவர் மறந்தார். நீங்க வேடிக்கை பாத்தீங்க. உங்களுதுதான் பெரிய தப்பு” என்று என்னிடம் சொன்னார். உண்மைதான். என் கேப்டன் பதவி இன்னொரு வருடம் தள்ளிப்போனது. அன்று மாலை வீட்டில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

மறுபயிற்சிக்கு இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். நான் செக்லிஸ்ட் வாசிக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். எஞ்சின் கிளப்பும் பக்கம் வந்தது.

“சுற்று?” என்றேன்.

“பத்து சதவீதம்.”

காது கேட்காதவன்போல் மறுபடி கேட்டேன். “சுற்று, சார்?”

அவர் முகம் சிவந்தது. “பத்து. பத்து சதவீதம்.”

பிறகு அவர் வேலையை விட்டுப் போனார். நான் இடது இருக்கைக்கு வந்தேன். ஆனால் அந்தப் பதிவேடு எஞ்சினோடு விற்கப்பட்டுப் போய்விட்டது. அது எங்கே இருந்தாலும், அந்தப் பக்கத்தில் என் கைதான் குற்றவாளி. அதனால்தான் இதை எழுதுகிறேன். லீவரைத் தள்ளிய கை அவருடையது. பெயர் போடவில்லை. படித்தால் அவருக்குத் தெரியும்.