எட்டுத் துண்டாக ஒரு சொல்

ரயில் நிலையத்தில் இருபது வருஷம் அறிவிப்பு சொல்லி ஓய்வு பெற்றவருக்கு மைக் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. இப்போது கண் தெரியாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து தருகிறார். அதற்குச் சம்பளம் கிடையாது, ரோஷம் மட்டும் உண்டு.

அந்த ரோஷத்துக்கும் வந்தது சோதனை. டீஆக்சிரைபோநியூக்ளீயிக்! டி.என்.ஏ. என்கிற அமிலத்தின் முழுப்பெயராம். சொல்லா இது, சரக்கு ரயிலா? இதில் திக்கி நின்றுதான் ஒரு மாணவி போன தடவை வாய்மொழித் தேர்வில் தேறவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு மறுதேர்வு. இந்தத் தடவையும் போனால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்களாம்.

அக்கா பென்சிலால் சொல்லை எட்டாக வெட்டினார். டீ, ஆக், சி, ரை, போ, நியூ, க்ளீ, யிக். துண்டுக்கு ஒரு தட்டு, மேசைமேல். சேர்த்துச் சொன்னால் மட்டும் நாக்கு சுளுக்கிக்கொண்டது. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அந்த அறையில் வியர்த்துக் கொட்டியது. இதைக் கண்டுபிடித்தவனை ஒரு நாள் மைக் முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்று பல்லைக் கடித்தார். ஒன்பதாவது தடவை கணீரென்று வந்துவிட்டது.

வந்த தெம்பில், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை தட்டித் தட்டிச் சொல்லிப் பார்த்தார். ஏழாவது துண்டில் நாக்கு புரள, "அட சனியனே!" என்று திட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பதிவுக் கருவியை அணைக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. பதிவு செய்யும் கொழுந்தனோ கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கிற ஆள். அழித்தார், அன்றிரவே மாணவிக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை அதைப் போட்டுக் கேட்ட அக்காவுக்கு ரத்தம் தலைக்கேறியது. மணி பத்தேகால்.

"நல்லா வந்தது எங்கப்பா?"

"அழிச்சிட்டேன் அண்ணி. கடைசிதான் சரின்னு சொல்லுவீங்களே!"

"என் திட்டையுமா அனுப்புவே? அந்தப் பொண்ணு வாழ்க்கையே போச்சுடா பாவி!"

மத்தியானம் மாணவி போன் செய்தாள். அக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன்பே அவள் முந்திக்கொண்டாள்.

"பாஸ் ஆயிட்டேன் அக்கா. தொடையில தட்டித் தட்டியே சொல்லிட்டேன். எல்லாரும் கடகடன்னு சொல்லிடுவாங்க, எனக்கு எதுவும் பிடிபடாது. நீங்க திணறினதாலதான் எங்கே திணறும்னே தெரிஞ்சுது."

அக்கா போனை வைத்துவிட்டுக் கொழுந்தனைப் பார்த்து முறைத்தார்.

"இனிமே நான் தப்பா சொல்றதை அழிச்சே, கையை ஒடிச்சிடுவேன்."