செல்லிக்கு வைத்த மஞ்சள்

எத்திராஜுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது வருடம் லேத் மிஷினோடு குடித்தனம். கம்பெனி மூடியதும் பாரிவாக்கம் பக்கம் ஒரு தனியார் விலங்குப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தார். இரும்போடு மாரடித்த மனுசனுக்கு மிருகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று மனைவி சரசாவே சிரித்தாள். ஆனால் அவர் கேட்டைத் தாண்டினால் போதும், மட்டக்குதிரை கனைக்கும்.

அங்கே ஆப்பிரிக்கத் தரையணில் ஜோடி ஒன்று இருந்தது. மரம் ஏறாது, வளை தோண்டும். நம்மூர் அணிலைவிட நாலு மடங்கு பெரிசு. ஆண் செத்ததும் பெண் தீனியைத் தொடவில்லை. அவளுக்கு எத்திராஜ் வைத்த பெயர் செல்லி.

“துணை வேணும்ணா. பக்கத்துக் கூண்டு மீர்கேட்டுங்களோட சேர்த்து விடலாம். ஆனா அவசரப்படக் கூடாது,” என்றார் மருத்துவர் நசீம் பானு.

மீர்கேட் கீரி இனம். இரண்டு காலில் நின்று ஊரையே நோட்டம் விடும். தன் கூட்டத்து வாசனை இல்லாத எதையும் கடித்துக் குதறிவிடும். அதனால் எத்திராஜ் தினமும் செல்லி படுத்த சாக்கை அங்கே போட்டார், அவை படுத்ததை இங்கே போட்டார். நாற்பதாம் நாள் நடுக்கதவைத் திறந்தார். ஆறு மீர்கேட்டுகளும் அவளைச் சுற்றிவந்து மோந்தன. மத்தியானம் ஏழும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்கின. கட்டிக்கொடுத்த இடத்தில் பெண் நன்றாக இருக்கிறாள் என்று கேட்ட அப்பனைப் போல எத்திராஜ் அழுதார்.

தை வந்தது. மாட்டுப் பொங்கலன்று பூங்காவில் கைக்கு அடங்கும் உயிரையெல்லாம் குளிப்பாட்டிப் பொட்டு வைப்பது அவர் வழக்கம். கடிக்கிற மீர்கேட்டுகளுக்குத் தூரத்திலிருந்தே சூடம் காட்டினார். செல்லியை வெளியே தூக்கிவந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றி, குங்குமம் வைத்து, துண்டால் துவட்டி உள்ளே விட்டார்.

அவள் எப்போதும்போல நடுவில் போய் நின்றாள். ஒரு மீர்கேட் மோந்து பார்த்து வாலை விறைத்தது. அடுத்த நொடி ஆறும் அவள்மேல் விழுந்தன. எத்திராஜ் பாய்ந்து உள்ளே போய், கையெல்லாம் கடிபட்டு அவளைப் பிடுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நசீம் பானு செல்லியின் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார். “குளிப்பாட்டினீங்களாண்ணா?”

“வருசா வருசம் பண்றதுதான மேடம்.”

“அப்பல்லாம் அவ மீர்கேட்டுங்களோட இல்லையேண்ணா.”

நாற்பது நாள் சாக்கு மாற்றி ஏற்றிய வாசனையைத் தன் கையாலேயே கழுவிவிட்டோம் என்பது எத்திராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. நெஞ்சில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு வந்தார். மீர்கேட்டுகள் செல்லியின் வளைக்குள் நுழைவதும் வெளியே வந்து எட்டிப் பார்ப்பதுமாக இருந்தன. வெயில் ஏறியதும் அவளுடைய சாக்கை இழுத்துவந்து போட்டு, ஆறும் அதன்மேல் படுத்தன.

“சாக்கை எடுத்துடலாமாண்ணா?” என்றார் நசீம் பானு.

“வேணாம் மேடம். அதுங்களுக்கு இன்னா தெரியும்? எவளோ புதுசா வந்தா, கடிச்சுதுங்க. செல்லி எப்ப வருவான்னு இன்னும் தேடிகினு கீதுங்க.”